மடப்பள்ளிக்குள் வந்த வேதியியல்

பழைய கோட்டை ஒன்று பல்கலைக்கழகத்தின் கைக்கு வருகிறது. கொலு மண்டபம், படுக்கையறைகள், பண்டகசாலை, நிலவறை, காவல் கோபுரம் எல்லாம் இருக்கின்றன. அதற்குள் வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்க வேண்டும் என்றால் எந்த அறையைக் கேட்பீர்கள்? வெளிச்சமும் விசாலமும் உள்ள கொலு மண்டபத்தைத்தான் பலரும் கேட்பார்கள். விவரம் தெரிந்தவர் மடப்பள்ளியைக் கேட்பார்.

ஜெர்மனியின் தென்மேற்கில் நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கும் டூபிங்கன் நகரில் நடந்தது இதுதான். ஊருக்கு மேலே குன்றின் மீது ஹோஹன்டூபிங்கன் கோட்டை நிற்கிறது. 11ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஒரு கோட்டை இருந்ததற்குக் குறிப்பு உண்டு. நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டடமாக இன்று நாம் பார்க்கும் உருவம் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டில் டியூக் உல்ரிக் காலத்தில் எழுந்தது. 1477இல் தொடங்கிய டூபிங்கன் பல்கலைக்கழகத்துக்கு 1816இல் இந்தக் கோட்டை வந்து சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அதன் மடப்பள்ளியும் அதை ஒட்டிய துணி வெளுக்கும் அறையும் வேதியியல் ஆய்வுக்கூடமாக மாறின. அரை நூற்றாண்டு கழித்து, அந்த மடப்பள்ளியில் பனிக்காலம் முழுக்க நின்று வேலை செய்த ஓர் இளைஞர், இன்று நாம் டி.என்.ஏ. என்று சொல்லும் பொருளை உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்.

டி.என்.ஏ.யின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த அறையை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கோட்டை, கொத்தளம், பழங்காலச் சூழல் என்று அழகுக்காக அது வந்துபோகிறது. அந்த அறைக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை தரவேண்டும் என்பது என் கட்சி. எந்த ஆய்வு அங்கே முடியும், எது முடியாது என்பதைக் கணிசமான அளவு தீர்மானித்தது அந்தக் கட்டடமே.

மடப்பள்ளியிலிருந்தே தொடங்குவோம். அரண்மனைச் சமையல் என்றால் நூற்றுக்கணக்கானோருக்கான சமையல். நாள் முழுக்க எரியும் அடுப்பு, அதன் புகையை வெளியேற்றப் பெரிய புகைபோக்கி, தீப்பிடிக்காத கல் வளைவுக் கூரை, எண்ணெயும் வெந்நீரும் கொட்டினாலும் கெடாத கல்தளம், உள்ளே வரும் நீருக்கும் வெளியே போகும் கழிவுநீருக்கும் வழி. இதே பட்டியலை 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர் ஒருவரிடம் நீட்டினால் தன் ஆய்வுக்கூடத்துக்கான பட்டியல் என்றே நினைப்பார். மரத்தளமும் சாந்து பூசிய அலங்காரக் கூரையும் உள்ள மண்டபத்தில் ஈதர் தீப்பற்றினால் கட்டடமே போய்விடும். கல் வளைவின் கீழே பற்றினால் மேசையோடு போகும்.

இவற்றில் விலைமதிப்பில்லாதது புகைபோக்கி. அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. அதே காற்றை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அது விரிந்து, கன மீட்டருக்கு 0.95 கிலோ ஆகிவிடும். பத்து மீட்டர் உயரமுள்ள புகைபோக்கிக்குள் சூடான காற்றும் வெளியே குளிர்ந்த காற்றும் இருந்தால், அடியில் இரண்டுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 25 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான் இது. ஆனாலும் உராய்வெல்லாம் போக, நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் காற்றை மேலே இழுக்க இது போதும். அமில ஆவியும் கந்தக நெடியும் அந்த ஓட்டத்தில் சேர்ந்து வெளியேறும். மின்விசிறி இல்லாத காலத்தில் வேதியியலாளரின் நுரையீரலுக்கு இருந்த காவல் இதுதான். இன்றைய ஆய்வுக்கூடங்களில் கண்ணாடிக் கதவுடன் நிற்கும் ஃபியூம் ஹூட் இதன் நேர் வாரிசு. அதன் வாயில் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போகவேண்டும் என்பது பொதுவான அளவுகோல்.

புகைபோக்கிக்கு ஒரு குறையும் உண்டு. அடுப்பு அணைந்தால் இழுப்பும் நின்றுவிடும். ஆகவே ஆவி வெளியேற வேண்டுமானால் எங்கேயாவது ஒரு தீ எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஈதரும் ஆல்கஹாலும் கையாளும் அறையில் அது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்லத் தேவையில்லை.

புகைபோக்கி சரியாக வாய்க்காத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு அதே ஜெர்மனியில் இன்னொரு பழைய கட்டடம் சாட்சி. 1824இல் கீஸன் பல்கலைக்கழகத்துக்கு வந்த யூஸ்டஸ் லீபிக்குக்கு அப்போது வயது 21. அவருக்குக் கிடைத்தது படைவீரர் குடியிருப்பின் காவற்கூடம். தூண்கள் வரிசையாக நிற்கும் முன்தாழ்வாரமும் பின்னால் சில அறைகளும் கொண்ட சிறு கட்டடம். காவலர்கள் மழைக்கு ஒதுங்கவும் குளிர்காயவும் கட்டியதை வேதியியலுக்குத் திருப்பினார் லீபிக். நச்சு ஆவி வரும் வேலைகளைத் திறந்த தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டார்கள். உள்ளே வேலை செய்யும்போது பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. 1839இல் கட்டடத்தை விரிவாக்கியபோது மாணவர்களுக்கான பெரிய பகுப்பாய்வுக் கூடத்தில் ஆவி போக்கும் அடைப்புகளைச் சேர்த்தார்கள். லீபிக்கின் கூடத்தில் மாணவர்கள் கூட்டமாக நின்று தங்கள் கையால் சோதனை செய்து கற்றார்கள். அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. இன்று நம் கல்லூரிகளில் உப்புப் பகுப்பாய்வு செய்யும் வகுப்புக்கு மூதாதை அந்தக் காவற்கூடம்தான். கட்டடம் 1920இலிருந்து அருங்காட்சியகமாக இருக்கிறது.

டூபிங்கனுக்குத் திரும்புவோம். கோட்டையில் அறிவியல் முதலில் நுழைந்தது மடப்பள்ளி வழியாக அல்ல. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வடகிழக்குக் கோபுரத்தின் மேல் பல்கலைக்கழகம் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்திருந்தது. பீரங்கிக்கு ஈடுகொடுக்கக் கட்டிய கோபுரம் என்பதால் ஆடாது, அசையாது. தொலைநோக்கிக்கு வேண்டியதும் அதுவே. 1818இல், டூபிங்கன் அடங்கிய வூர்ட்டம்பெர்க் நாடு முழுவதையும் அளக்கத் தொடங்கியபோது, அளவைக்குப் பொறுப்பேற்ற யோஹான் போனன்பெர்கர் அந்த வானாய்வுக்கூடத்தையே தொடக்கப் புள்ளியாக வைத்தார். நாட்டின் ஒவ்வொரு வயலின் வரப்பும் அந்தக் கோபுரத்திலிருந்து எத்தனை தூரம், எந்தத் திசை என்று கணக்கில் ஏறியது. கனமான சுவருக்கு அறிவியலில் என்ன மதிப்பு என்பதைக் கோட்டையில் இருந்தவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொது வேதியியல் நகருக்குள் இருந்த புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. கோட்டை அறைகள் உயிர்ப்பொருள்களின் வேதியியலுக்கு வந்தன. 1861இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலர். ரத்தம், பித்தநீர், பால், சீழ் என்று உடலில் ஊறும் ஒவ்வொன்றும் என்ன பொருளால் ஆனது என்று கேட்ட மனிதர். துணி வெளுக்கும் அறை அவருடைய ஆய்வுக்கூடமாக இருந்தது. ரத்தத்தின் வழியாக ஒளியைச் செலுத்தி, நிறமாலையில் எந்த இடத்தில் கருங்கோடு விழுகிறது என்று பார்த்தார். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே இரண்டு பட்டைகள் விழுந்தன. அந்தச் சிவப்புப் பொருளுக்கு 1864இல் ஹீமோகுளோபின் என்று பெயர் வைத்தார். இன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் முதல் வரியாக வரும் பெயர் அந்த வெளுக்கும் அறையிலிருந்து புறப்பட்டது.

மடப்பள்ளி ஆய்வுக்கூடத்தின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. 1879 வாக்கில் எடுத்தது. வளைவுக் கூரையின் கீழே தடித்த சுவரைக் குடைந்து வைத்த ஜன்னல்கள். மூலையில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் பெரிய வாலை. பக்க மேசையில் கண்ணாடி வடிகலங்களும் குழாய்களும். அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது. குளிர்பதனப் பெட்டி கிடையாது. செல்களை அடியில் படியவைக்க இன்று ஒவ்வொரு மேசையிலும் சுழலும் மையவிலக்கி கிடையாது. மூலையில் நின்ற வாலையின் அருமையைத் தனியே சொல்லவேண்டும். குன்றின் மேல் கிடைத்த நீரில் சுண்ணமும் உப்பும் இருக்கும். ஒரு பொருளில் பாஸ்பரஸ் இருக்கிறதா, கந்தகம் இருக்கிறதா என்று மில்லிகிராம் கணக்கில் தேடுகிறவருக்கு அந்த நீர் உதவாது. ஆகவே வேலைக்கு வேண்டிய நீர் முழுவதையும் அங்கேயே காய்ச்சி வடித்தார்கள்.

1868இல் அந்த அறைக்கு ஃபிரெட்ரிக் மீஷர் வந்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்காரர், மருத்துவப் பட்டம் பெற்றவர், வயது 24. காய்ச்சல் ஒன்றில் செவித்திறன் குறைந்துபோனதால் நோயாளிகளின் நெஞ்சொலியைக் கேட்கும் தொழில் தனக்குச் சரிவராது என்று ஆய்வுப் பக்கம் திரும்பினார். மாமாவும் உடற்கூறு அறிஞருமான வில்ஹெல்ம் ஹிஸ், திசுக்களின் கடைசிக் கேள்விகளுக்கு வேதியியல்தான் விடை சொல்லும் என்று அவரை ஊக்கியிருந்தார். உயிரணு எதனால் ஆனது என்று பார்ப்பது மீஷருக்கு வாய்த்த வேலை. நிணநீர்க் கணுக்களிலிருந்து செல்களை எடுத்துப் பார்த்தார். போதிய அளவு கிடைக்கவில்லை. அப்போதுதான் சீழ் கைகொடுத்தது. சீழ் என்பது பெரும்பாலும் வெள்ளை அணுக்கள். அறுவைப் புண்ணில் கிருமி சேராமல் காக்கும் முறையை அறுவை மருத்துவர் லிஸ்டர் வெளியிட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது; மருத்துவமனைகளில் புண் சீழ்பிடிப்பது அன்றாடக் காட்சி. நகரின் அறுவை மருத்துவமனையிலிருந்து கழற்றிய கட்டுத்துணிகள் குன்றேறி மடப்பள்ளிக்கு வந்தன.

துணிகள் வந்ததும் மீஷர் முதலில் மூக்கால் சோதித்தார். அழுகல் வாடை வந்ததை ஒதுக்கிவிட்டுப் புதிதாக இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார். துணியிலிருந்து செல்களை உடையாமல் கழுவி எடுக்க வேண்டும். சாதாரண உப்புநீரில் செல்கள் வீங்கிக் கொழகொழவென்று ஆகிவிட்டன. பல உப்புகளைச் சோதித்து, கிளாபர் உப்பு என்னும் சோடியம் சல்பேட் கரைசலில் அவை கட்டுக்கோப்பாக இருப்பதைக் கண்டார். நிறைகரைசல் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. நூல் பிசிறுகளை நீக்கத் துணியில் வடிகட்டி, உயரமான கலத்தில் ஊற்றி, ஓரிரு மணி நேரம் ஆடாமல் விட்டார். செல்கள் தாமாக அடியில் படிந்தன. மையவிலக்கி செய்யும் வேலையைப் புவியீர்ப்பும் அசையாத கல்தளமும் சேர்ந்து செய்தன.

அடுத்த கட்டம்தான் இந்த அத்தியாயத்துக்கு உயிர்நாடி. செல்லின் உடலைக் கரைத்துவிட்டு உட்கருவை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செல்களை ஊறவைத்து, அமிலத்தை மாற்றி மாற்றி ஆறு முதல் பத்து முறை அலசினார். அதற்குப் பல வாரங்கள் பிடித்தன. இத்தனை வாரமும் பனிக்காலக் குளிரில் நடக்க வேண்டும் என்று தன் கட்டுரையில் எழுதிவைத்திருக்கிறார். ஏன் என்று இன்று நமக்குத் தெரியும். செல் இறந்ததும் அதற்குள் இருக்கும் நொதிகள் அவிழ்ந்துவந்து புரதத்தையும் டி.என்.ஏ.வையும் துண்டு துண்டாக வெட்டத் தொடங்கும். குளிர் அந்த நொதிகளின் கையைக் கட்டும். இன்று டி.என்.ஏ. எடுக்கும் மாணவர் குழாயைப் பனிக்கட்டியில் செருகி வைப்பதும், ஆய்வுக்கூடங்களில் 4 டிகிரிக் குளிரறை இருப்பதும் இதற்காகவே.

மீஷருக்குக் குளிரறை கட்டிக்கொடுத்தது கோட்டைச் சுவர். கல்லுக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். பகலில் சூடேறி இரவில் குளிரும் அன்றாட ஏற்ற இறக்கம், கல்லுக்குள் அரையடி போவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அடுத்த அரையடியில் மீண்டும் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் கனமுள்ள சுவர் என்று வைத்துக்கொண்டால் மறுபக்கம் வருவது நானூறில் ஒரு பங்கு. இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆண்டு முழுக்க நீளும் ஏற்ற இறக்கத்தின் கதை வேறு. அது மெதுவான அலை; மூன்று மீட்டர் ஆழம் போனால்தான் அதே அளவு சுருங்கும். ஒரு மீட்டர் சுவரை அது இரண்டு மூன்று வாரத் தாமதத்தில், பெரிய இழப்பில்லாமல் கடந்துவிடும். அதாவது இப்படிப்பட்ட சுவர் பகலையும் இரவையும் வெளியே நிறுத்திவிட்டுப் பருவத்தை மட்டும் உள்ளே விடுகிறது. மெல்லிய சுவரும் பெரிய ஜன்னலும் கொண்ட அறையில் நண்பகல் வெயிலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பநிலை, இங்கே வாரக்கணக்கில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். பல வாரம் ஊறவேண்டிய பொருளுக்கு அந்த நிலைத்தன்மை பெரிய கொடை.

அமிலத்தில் ஊறியவற்றை ஈதரும் நீரும் சேர்த்துக் குலுக்கினார். கொழுப்பு மேலே போனது. உட்கருக்கள் அடியில் தங்கின. ஒட்டியிருந்த புரதத்தைச் செரிக்கவைக்கப் பெப்சின் தேவைப்பட்டது. கடையில் கிடைத்தது சுத்தமாக இல்லாததால் பன்றியின் இரைப்பையை அமிலத்தில் ஊறவைத்துத் தானே தயாரித்தார். செரிமானம் நடக்க 37 முதல் 45 டிகிரி வரை வெப்பம் வேண்டும், அதுவும் ஒரு நாள் பொழுது. ஊறலுக்குக் குளிர், செரிமானத்துக்கு இளஞ்சூடு, வடிக்கக் கொதிநிலை: மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆள்வது சமையற்கட்டுக்குப் பழகிய கலை.

கடைசியில் கலத்தின் அடியில் கொஞ்சம் வெண்பொடி மிஞ்சியது. காரத்தில் கரைந்தது, அமிலம் சேர்த்தால் மீண்டும் திரிந்து படிந்தது. பெப்சினுக்கு அசையவில்லை. எரித்துப் பகுத்தபோது புரதத்தில் எதிர்பார்க்க முடியாத அளவு பாஸ்பரஸ் இருந்தது. பாஸ்பரஸ் உள்ள லெசித்தின் என்னும் கொழுப்பை ஹோப்பே-சைலரின் கூடத்தில் எல்லோரும் அறிவார்கள். அதுதான் ஒட்டிக்கொண்டு ஏமாற்றுகிறதோ என்ற ஐயம் வராமலிருக்க, சூடான ஆல்கஹாலில் முன்கூட்டியே கழுவியிருந்தார். ஆக, இது தெரிந்த எந்தப் பொருளும் இல்லை. 1869 பிப்ரவரி 26ஆம் தேதி மாமா ஹிஸ்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொன்னார். உட்கருவிலிருந்து வந்ததால் நியூக்ளியின் என்று பெயரிட்டார்.

ஹோப்பே-சைலர் உடனே நம்பிவிடவில்லை. முழுச் சோதனையையும் தானே திரும்பச் செய்து, ஈஸ்ட்டிலும் தேடிப் பார்த்து, திருப்தியான பிறகே 1871இல் மீஷரின் கட்டுரையை வெளியிட்டார். இளைஞரின் கண்டுபிடிப்பைத் தனதாக்கிக்கொள்ளாமல் காத்திருந்து சரிபார்த்த அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஹோப்பே-சைலரின் இன்னொரு மாணவரான ஆல்பிரெக்ட் கோசல் பின்னாளில் நியூக்ளியினைப் பகுத்து அதன் காரங்களை அடையாளம் கண்டு 1910இல் நோபல் பரிசு பெற்றார். மரபுச் செய்தியைச் சுமப்பது அந்தப் பொருள்தான் என்று தெரியவர 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மீஷர் 1895இலேயே காசநோயில் இறந்துவிட்டார்.

பாசலுக்குத் திரும்பிப் பேராசிரியரான பிறகு மீஷர் ரைன் ஆற்றுச் சால்மன் மீனின் விந்திலிருந்து நியூக்ளியின் எடுத்தார். அதற்காக விடியுமுன் எழுந்து, தீ மூட்டாத அறையில், ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்தார். டூபிங்கனில் சுவர் தந்ததை இங்கே தன் உடம்பை வருத்தி வாங்க வேண்டியிருந்தது.

மடப்பள்ளிக்கு எல்லாப் புகழும் சேர்த்துவிட்டு அதன் குறைகளை மறைக்கக்கூடாது. ஆழமான ஜன்னல் வழியே வெளிச்சம் குறைவாக வரும்; பனிக்காலத்தில் பாதி நாள் இருட்டு. கல்லால் கட்டிய அறையில் ஈரம் தங்கும். ஈரம் தராசின் எஃகைத் துருவேற்றும், உப்புகளை நீர்த்துப்போகச் செய்யும். புதிதாக ஒரு குழாய் பதிக்கவேண்டுமென்றாலும் தடித்த கல்லை உளியால் குடைய வேண்டும். மாணவர் எண்ணிக்கை கூடியபோது மேசை போட இடமில்லை. ஹோப்பே-சைலர் 1872இல் ஸ்ட்ராஸ்பர்குக்குப் போனார். அவருக்குப் பின் வந்த குஸ்டாஃப் ஹூஃப்னர் காலத்தில், 1885இல், இந்தத் துறை ஊருக்குள் எழுந்த சொந்தக் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது.

அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்றைய உயிரி வேதியியல் கூடத்தில் மணிக்கு ஆறு முதல் பன்னிரண்டு முறை அறைக்காற்று முழுவதும் மாறவேண்டும். அதற்குக் கூரைக்கு மேலே ஆளுயரக் காற்றுக்குழாய்கள் ஓடும். வளைவுக் கூரையில் அதை எங்கே மாட்டுவது? மாட்டினால் வளைவு போகும். மாட்டாவிட்டால் ஆய்வாளர் உயிருக்கு ஆபத்து. பழைய கட்டடத்தில் ஆய்வுக்கூடம் அமைப்பவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இந்தச் சுவர் எதை இலவசமாகத் தருகிறது என்பதுதான். தராசறை, நிறமாலை அறை, நுண்ணோக்கி அறை போல அசைவின்மையும் சீரான வெப்பமும் கேட்கும் வேலைகளைக் கனமான சுவர் இன்றும் நன்றாகத் தாங்கும். ஆவி கக்கும் வேலைகளைப் புதிய கட்டடத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது. சுவரோடு சண்டை போட்டு இரண்டையும் ஒரே அறையில் திணிக்கும் இடங்களில் கட்டடமும் கெடுகிறது, ஆய்வும் கெடுகிறது.

2015இல் டூபிங்கன் பல்கலைக்கழகம் மடப்பள்ளியை அருங்காட்சியகமாகத் திறந்தது. மீஷர் சால்மன் மீனிலிருந்து எடுத்த நியூக்ளியின், மங்கிப்போன சீட்டு ஒட்டிய சிறு கண்ணாடிக் குழாயில், பல்கலைக்கழகத்தின் உடைமையாக இன்னும் இருக்கிறது. கோட்டைக்கு வருகிறவர்களில் பலர் மேலே இருக்கும் பழம்பொருள் காட்சியில் மம்மத் தந்தத்தில் செதுக்கிய பனியுகக் குதிரையைப் பார்க்க வருகிறார்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் டூபிங்கன். அந்தப் பக்கம் போக வாய்ப்புக் கிடைக்கிறவர்கள் குதிரையைப் பார்த்துவிட்டு மடப்பள்ளிக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பனிக்காலத்தில் போவது இன்னும் நல்லது.